கொட்டாஞ்சேனை மண்டபத்துப் படி

போன மாதம் நிரோஷினி தொலைபேசியில் கூப்பிட்டாள். நான் வேலை பார்த்த கட்டடக்கலைக் கந்தோரில் இப்போது இருக்கும் இளம் ஆர்கிடெக்ட். நல்ல பிள்ளை. என்னை நேரில் கண்டது இரண்டு தரம்தான், ஆனாலும் வாய்க்கு வாய் அங்கிள் என்பாள்.

"அங்கிள், கொட்டாஞ்சேனைப் பள்ளிவாசல் மண்டபத்தைத் திருத்திற வேலை எங்களுக்குத்தான் கிடைச்சிருக்கு. பழைய போட்டோவில முன்வாசல்ல வடிவான கறுப்புக் கல்லுப் படி ஒண்டு இருக்கு. நேர போய்ப் பாத்தா அதைக் காணேல்லை. ஆரோ ஒரு விசரன் உடைச்சுப் போட்டான். நாங்கள் அதைத் திருப்பி வைக்கப் போறம். அசல் வடிவத்தை மீட்கிறம்."

"உடைச்சது நான்தான் பிள்ளை," என்றேன்.

"ஐயோ, அங்கிள்!"

"வச்சதும் நான்தான்."

அவள் மன்னிப்புக் கேட்டாள். பிறகு அந்தக் காலத்து அனுபவங்களை ஒரு பக்கத்தில் எழுதித் தரச் சொன்னாள். கந்தோர் ஆண்டு மலர் ஒன்று போடுகிறதாம். அதோடு அவர்கள் கீறிய புதுப் படத்தையும் போனுக்கு அனுப்பினாள். திறந்து பார்த்தேன். வாசலில் என்னுடைய படி. முன்பு மூன்று அங்குலம், இப்போது ஆறு அங்குலம். விளிம்பில் பித்தளையில் நட்சத்திரக் கோலம். பக்கத்தில் மூன்று மொழியிலும் செருப்பைக் கழற்றச் சொல்லி ஒரு பலகை. படத்துக்குக் கீழே 'வாசல் அனுபவம்' என்று எழுதியிருந்தது. எனக்கு இரத்த அழுத்தம் இருக்கிறது. அன்றைக்கு மாத்திரை போட்டிருந்தது நல்லதாய்ப் போயிற்று.

ஒரு பக்கத்தில் இதை எழுத முடியாது. மலரில் போடாவிட்டாலும் பரவாயில்லை, வேலையைத் தொடங்க முதல் அந்தக் கந்தோர்ப் பிள்ளைகள் வாசித்தால் போதும்.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வீடு வெள்ளவத்தை. மருதானையில் படவரைவு படித்தேன். ஓர் ஒப்பந்தக்காரரிடம் சில வருடம் ஏச்சு வாங்கினேன். பிறகு கொள்ளுப்பிட்டியில் ஒரு புடவைக்கடைக்கு மேல்மாடியில் இருந்த ஸல்மா மேடத்தின் கந்தோரில் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை அங்கேயே கிடந்தேன். முதலில் மேசையில் படம் கீறினேன். பிறகு கட்டுகிற இடங்களுக்குப் போய், கீறியபடிதான் கட்டுகிறார்களா என்று பார்க்கிற வேலை. இரண்டாவதில்தான் எனக்கு விருப்பம். கட்டுகிற இடத்தில் நான் சொன்னதுதான் சட்டம் என்று ஒரு நினைப்பு எனக்கு இருந்தது. இந்தக் கதையின் வினையே அந்த நினைப்புத்தான்.

மேடத்தோடு வேலை செய்வது லேசில்லை. அவர் சத்தம் போடமாட்டார். போட்டிருந்தால் நானும் இரண்டு வார்த்தை சொல்லி ஆறியிருப்பேன். மேசை லாச்சியில் ஒரு சின்ன மருந்துப் போத்தல் வைத்திருந்தார். அதற்குள் மைசூர்ப் பருப்பு. நாங்கள் இராப்பகலாய்க் கீறிய படத்தை விரித்தவுடன் போத்தலைத் திறந்து ஒரேயொரு பருப்பை எடுத்துப் படத்தில் இருக்கும் தெருவில் வைப்பார்.

"மிஸ்டர் சிவம், இது ஆர்?"

ஒரு ஆள் என்று சொல்லித் தப்ப முடியாது. பேர், வயது, கையில் என்ன இருக்கிறது, வெயிலா மழையா, எல்லாம் சொல்ல வேண்டும். ஒருமுறை எரிச்சலில், "இது எழுபது வயசுக் கிழவன் மேடம். ஒரு கையில பாண், மற்றக் கையில குடை, அவசரமா கக்கூசுக்குப் போகவேணும்," என்றேன். அவர் சிரிக்கவில்லை. பென்சில் நுனியால் பருப்பைத் தள்ளித் தள்ளிக் கொண்டுபோனார். கக்கூஸ் கதவு கிழவனின் பாண் இருக்கும் கைப்பக்கம் திறந்தது. படத்தைத் திருப்பிக் கீறினேன்.

பருப்பு எங்கேயாவது தயங்கினால் ஒரு கேள்விதான் கேட்பார். "இது ஏன் நிக்குது?" மறுமொழி நமக்குத் தெரிந்தால் சொல்லலாம், தெரியாவிட்டால் விடியவிடிய யோசிக்கலாம். அந்தப் போத்தலை ஒருநாள் நான் ஒளித்தும் வைத்தேன். அடுத்த நாள் வீட்டிலிருந்து புதுப் பருப்புக் கொண்டுவந்தார்.

இன்னொரு தொல்லை மஞ்சள் புத்தகம். கட்டும்போது ஓர் ஆணி இடம் மாறினாலும் அதில் எழுத வேண்டும். ஏன் மாறியது, யார் சொன்னது, யார் கையெழுத்து. அடியில் காபன் தாள். மேல் பிரதி கந்தோருக்கு, கீழ்ப் பிரதி மேசனுக்கு. அதில் எழுதாத எதையும் செய்யக்கூடாது. இத்தனை வருடத்தில் ஒரேயொரு முறைதான் எழுதாமல் ஒன்றைச் செய்தேன்.

கொட்டாஞ்சேனைப் பள்ளிவாசலின் வேலையை எங்களுக்குத் தந்தவர் ரவூப் ஹாஜியார். அங்கே நிர்வாகத்தில் பெரியவர், ஹாட்வெயார் கடை வைத்திருந்தார். பள்ளியின் பழைய கட்டடம் ஒழுகி, சுவர் வெடித்து, இனி இடிக்கத்தான் வேண்டும் என்ற நிலை. அதன் முன்விறாந்தையில்தான் எதிர்வீட்டுப் பிலோமினா டீச்சர் பின்னேரங்களில் வகுப்பு நடத்தினவர். டீச்சர் வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவர். படிக்க வந்தது அந்த ஒழுங்கைத் தெருவில் இருந்த எல்லாச் சாதிப் பிள்ளைகளும். ஹாஜியாரின் நாலு பிள்ளைகளுக்கும் கணக்கும் இங்கிலீசும் சொல்லிக் கொடுத்தது டீச்சர்தான்.

பிறகு நாட்டில் முஸ்லிம்களுக்கும் மற்றவர்களுக்கும் நடுவில் வந்த குழப்பம் தெரியும்தானே. அந்த ஒழுங்கையில் யாரும் யாரையும் அடிக்கவில்லை, ஏசவுமில்லை. கதவைச் சாத்திக்கொண்டார்கள், அவ்வளவுதான். பெருநாளுக்கு வட்டிலப்பம் போகவில்லை, நத்தாருக்கு கேக் வரவில்லை. விறாந்தை வகுப்பும் நின்றது. டீச்சர் தன் முன்னறையில் ஏழெட்டுப் பிள்ளைகளை நெருக்கி வைத்துப் படிப்பித்தார். முஸ்லிம் பிள்ளைகள் ஒழுங்கையைக் கடக்கவில்லை.

முதல் கூட்டத்திலேயே ஹாஜியார் மேடத்திடம் சொன்னார்: "எங்களுக்குத் தொழுற எடம் வேணும், சரி. அதுக்கு முன்னால எல்லா ஆக்களும் வந்து இரிக்கிற மாதிரி ஒரு மண்டபம் வேணும். மத்தவங்களக் கூப்பிடத் தேவல்ல. டீச்சர் திரும்பி வந்தாப் போதும். அவங்க வந்தா எல்லாரும் வருவாங்க."

இவ்வளவு தெளிவாகச் சொன்ன மனுசன், அடுத்த நிமிடம் போனை எடுத்து வளைகுடா நாட்டுப் பள்ளிவாசல் ஒன்றின் படத்தைக் காட்டினார். ஏழு குவிமாடம், நாலு கோபுரம், பளிங்குத் தரை. இதுமாதிரி வேண்டுமாம். நிலமோ அந்தப் பள்ளியின் செருப்பு வைக்கும் இடத்தை விடச் சின்னது. இஸ்லாமியக் கட்டடக்கலை என்றால் குவிமாடமும் சல்லடைச் சுவரும் என்று எண்ணுகிறவர்களோடு என் பாதிச் சீவியம் போயிற்று. அவர்களில் மற்ற மதத்தவர்தான் கூடுதல்.

மேடம் அந்தப் படத்தை மரியாதையாகப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பிறகு மௌலவியைக் கூப்பிட்டு, கிப்லாத் திசையைக் குறிக்கச் சொன்னார். மக்காவைப் பார்த்த திசை. அவர் திசைகாட்டியை வைத்துப் பார்த்துச் சொல்ல, நான் இரண்டு முளை அடித்து நூல் கட்டினேன். கொழும்பிலிருந்து அது நேர் மேற்கு இல்லை, கொஞ்சம் வடக்கே சரியும். ஒழுங்கை போகிற திசை வேறு. தொழுகை அறையை நூலின்படி திருப்பினால், அறைக்கும் ஒழுங்கைக்கும் நடுவில் ஒரு முக்கோணம் மிஞ்சுகிறது. ஒரு நிர்வாகி அங்கே ஜெனரேட்டர் வைக்கலாம் என்றார். இன்னொருவர் மோட்டார் சைக்கிள் நிறுத்தலாம் என்றார்.

"நாங்க தொழுறதுக்குத் திரும்பினதால மிஞ்சின எடம் இது," என்றார் மேடம். "அதுல தெருவுல இரிக்கிறவங்களுக்குத்தான் உரிமை. மண்டபம் இதுதான்."

 அன்றைக்கு மேடத்தைப் பற்றி எனக்குப் பெருமையாக இருந்தது. அடுத்த நாள் பருப்பைக் கண்டதும் அது போய்விட்டது.

கட்டடம் எழும்பியது. குவிமாடம் இல்லை. அகலமாய் நீட்டிய கூரை, துறைமுகக் காற்று நுழைய இடைவெளி விட்டு அடுக்கிய செங்கல் சுவர். முக்கோண மண்டபம் ஒழுங்கைப் பக்கம் முழுக்கத் திறந்தபடி. மண்டபத்தின் உள்கோடியில் தொழுகை அறையின் கதவு. செருப்புக் கழற்றும் இடம் அந்தக் கதவடியில்தான் என்று படத்தில் இருந்தது. ஒழுங்கையின் தரையும் மண்டபத்தின் தரையும் ஒரே மட்டம், இரண்டும் ஒரே சொரசொரப்புச் சீமெந்து. நடுவில் மழைத்தண்ணிக்கு ஓர் ஒடுங்கிய கான், அதற்கு மேல் இரும்பு மூடி.

அந்த இடத்தில்தான் எனக்கு மூளை வேலை செய்தது. மேடம் மறந்துவிட்டார் என்று நினைத்தேன். ஒரு பள்ளிவாசலுக்குள் தெருவிலிருந்து அப்படியே சப்பாத்துக் காலோடு நடந்து போவதா? கோயிலுக்கு அப்படிப் போவோமா? மேடம் முஸ்லிம்தான், ஆனால் கந்தோரிலேயே கிடக்கிறவர், இதையெல்லாம் யோசித்திருக்கமாட்டார் என்று நானே தீர்மானித்தேன்.

மேசன் சுனில் பாஸ் சிங்களவர், விகாரைகள் கட்டிய கை. கொழும்பில் மேசன்மாரை பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். அவரும் அந்த இடத்தில் நின்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். "மெதன படியக் தாமு மஹத்தயா," என்றார். இந்த இடத்தில் ஒரு படி போடுவோம் ஐயா என்று. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பாங்கு சொல்லும் இஸ்மாயில் மோதினார் பக்கத்தில் நின்றார். அவரையும் கேட்டோம்.

"படி வந்தா நல்லம்தானே. ஆக்களுக்கு ஒரு மரியாத வரும்," என்றார்.

சைவக்காரன் ஒருவன், பௌத்தர் ஒருவர், முஸ்லிம் ஒருவர். இந்த நாட்டில் மூன்று பேரும் ஒரு விசயத்தில் இவ்வளவு சுறுக்காய் ஒத்துப்போனதை நான் வேறெங்கும் காணவில்லை. ஒத்துப்போனது பிழையான விசயத்தில். கானுக்கு உட்பக்கம் மூன்று அங்குலம் உயர்த்தி, மினுமினுக்கும் கறுப்புக் கல் பதித்தோம். ஹாஜியார் பார்த்துவிட்டு, தன் வாப்பாவின் பேரில் நல்ல மரத்தில் ஒரு செருப்புத் தட்டு செய்து பக்கத்தில் வைத்தார். மஞ்சள் புத்தகத்தில் நான் எழுதவில்லை. இது மாற்றம் இல்லை, விட்டுப்போனதை நிரப்புவதுதானே என்று மனதுக்குச் சொல்லிக்கொண்டேன்.

திறப்பு விழாவுக்கு எல்லா மதத்துப் பெரியவர்களும் வந்தார்கள். எல்லாரும் படியடியில் குனிந்து காலணியைக் கழற்றினார்கள். படம் பிடிக்க வந்தவருக்கு அதுதான் பிடித்தது. கறுப்புக் கல்லில் வரிசையாய்ச் சப்பாத்தும் செருப்பும், பின்னால் செங்கல் சுவரில் விழுந்த வெயில். ஒரு சஞ்சிகையின் அட்டையில் வந்தது. மேடத்துக்குப் பரிசும் கிடைத்தது. நான் அந்த அட்டையைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டினேன். நிரோஷினி பார்த்த போட்டோ அதுதான்.

பரிசு வந்தது, ஆட்கள் வரவில்லை. தொழ வருகிறவர்கள் வந்தார்கள், போனார்கள். மண்டபம் காலியாய்க் கிடந்தது. ஒழுங்கையில் யாரைக் கேட்டாலும் நல்ல வடிவு என்றார்கள். டீச்சரும் நல்ல வடிவு என்றாராம். "பிறகு வாறன்" என்றும் சொன்னாராம்.

"மூணு தரம் போய்ச் செல்லிட்டன் மிஸ்டர் சிவம்," என்றார் ஹாஜியார். கண் சிவந்திருந்தது. "பிறகு பிறகுண்டு செல்றாங்க. எங்களோட கோவம் இன்னம் போகல்ல. எனக்கு வெளங்குது. அவங்கட மனசு விட்டுப்போச்சு."

மேடம் என்னை ஒரு கிழமைக்கு மண்டபத்துக்கு எதிரே போய் இருந்து பார்க்கச் சொன்னார். வேறு வேலை இல்லையா என்று எனக்குக் கொதித்தது. டீச்சர் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த தையற்கடையில் ஒரு கதிரை போட்டு இருந்தேன். மெசின் சத்தத்தில் தலையிடி. முதல் நாள் ஒன்றும் விளங்கவில்லை. இரண்டாம் நாள் ஒன்றைக் கண்டேன். ஆட்கள் வராமலில்லை. மீன் பையோடு ஒரு பெண் வந்தாள், படியைப் பார்த்தாள், தன் காலைப் பார்த்தாள், போனாள். சப்பாத்துப் போட்ட ஒரு கிளாக்கர் குனிந்து நாடாவில் கை வைத்தவர், பிறகு நேரத்தைப் பார்த்துவிட்டு நடந்தார். ஒரு சின்னம்மா படியில் ஒரு காலை வைத்துவிட்டு, தலையில் துணி இல்லை என்று நினைத்தாரோ என்னவோ, எடுத்துவிட்டார். எல்லாரும் நல்ல மனுசர். அது பள்ளிவாசலின் இடம், நாங்கள் மிதிக்கக்கூடாது என்ற மரியாதைதான். மரியாதையைக் கல்லில் கட்டி வாசலில் வைத்தவன் நான்.

மூன்றாம் நாள் பின்னேரம் டீச்சர் தோளில் கொப்பிப் பையோடு வெளியே வந்தார். ஒழுங்கையைக் கடந்தார். ஒரு கால் மெதுவாய், மறுகால் டொக்கென்று. படியடியில் நின்றார். சேலையைக் கொஞ்சம் தூக்கிக் கீழே பார்த்தார். அப்போதுதான் கண்டேன். வலது காலில் கறுப்புத் தோல் சப்பாத்து, அடி மூன்று நாலு விரல் தடிப்பு. அவரை நான் எப்போதும் கதிரையில் இருக்கத்தான் கண்டிருந்தேன். அவர் திரும்பி வீட்டுக்குப் போனார்.

 கொஞ்ச நேரம் கழித்துப் போய்க் கதவைத் தட்டினேன்.

"வாங்க. படி வச்ச ஆள் நீங்கதானே?" என்றார் டீச்சர்.

"ஓம்."

"நல்லா வச்சீங்க." கதிரையைக் காட்டினார். "சின்ன வயசுல வந்த காய்ச்சல். ஒரு கால் கட்ட. இந்தச் சப்பாத்தக் கழட்டினா சுவரப் புடிச்சுத்தான் நடக்கணும். இத்தன வருசத்துல பிள்ளைகளுக்கு முன்னால நான் இதக் கழட்டினதில்ல. இனியும் கழட்டமாட்டன்."

"டீச்சர், ஹாஜியாரிட்ட ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா..."

"சொன்னா என்ன செய்வாரு? 'டீச்சர், நீங்க மட்டும் சப்பாத்தோட வாங்க' ன்னுவாரு. நல்ல மனுசன், கையப் புடிச்சுக் கூட்டிட்டும் போவாரு. அத்தன பிள்ளைகளும் பாத்துக்கிட்டு இருக்கும். நான் மட்டும் ஏன் மிதிக்கணும் அவங்க எடத்த? எனக்கு மட்டும்னு ஒரு சலுகை வேணாம்."

"அவர் நீங்க கோவமெண்டு நினைச்சு அழுகிறார்."

"அழட்டும். கோவம்னு நெனச்சா மறந்துடுவாரு. பாவம்னு நெனச்சா மறக்கமாட்டாரு." பிறகு விரலை நீட்டினார், நான் ஏதோ வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளை என்பதுபோல. "இத நீங்க யாருக்கும் சொல்லக்கூடாது. நான் போனப்புறம் ஊருக்கே சொல்லுங்க. இப்ப வாயத் தொறந்தீங்கன்னா பாருங்க."

ஆக, ஒழுங்கை முழுக்கப் புகழ்கிற, அட்டைப்படத்தில் வந்த, பரிசு வாங்கிய ஒரு படியை நான் உடைக்க வேண்டும். ஏனென்று மட்டும் சொல்லக்கூடாது. என் வேலைக் காலத்தில் இதைவிடப் பெரிய சிக்கலில் நான் மாட்டவில்லை.

முதலில் மேடத்திடம் போனேன். "அந்தப் படி உங்கட படத்தில இல்லை. நான்தான் வச்சனான். புத்தகத்திலயும் எழுதேல்லை. உடைக்கவேணும்," என்றேன். ஏச்சுக்குத் தயாராய் நின்றேன். மேடம் லாச்சியைத் திறந்தார். எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. ஆனால் பருப்பை எடுக்கவில்லை, போத்தலைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார்.

"திறப்பு விழாவண்டே கண்டன் மிஸ்டர் சிவம். என்ட படத்துல இல்லண்டு தெரியும். அழகா இருந்திச்சி. எல்லாரும் அதத்தான் புகழ்ந்தாங்க. நானும் வாய மூடிக்கொண்டன்."

அவர் அப்படிச் சொல்வார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. மனதுக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. ஏசியிருந்தால் நல்லம் என்று நினைத்தேன். யார் அந்தப் படியில் நின்றது என்று அவர் கேட்கவில்லை. நான் சொல்லமாட்டேன் என்று விளங்கியிருக்க வேண்டும்.

நிர்வாகக் கூட்டத்தில் நான் பொய் சொன்னேன். மழைக்குத் தண்ணி தேங்கும் என்றேன்.

"இவ்வளவு மழ பெஞ்சிச்சே, ஒரு சொட்டுத் தண்ணி நிக்கல்லயே," என்றார் இஸ்மாயில் மோதினார். அன்றைக்குத்தான் அவருக்குக் கவனம் கூடியிருந்தது.

"படத்தில இல்லாததை வச்சது என்ட பிழை. அவ்வளவுதான்," என்றேன்.

ஹாஜியார் எழும்பிவிட்டார். "என்ட வாப்பாட பேருல வச்ச தட்டு இரிக்கி அதுல. அழகான படி. ஒங்களுக்கு என்ன விசரா மிஸ்டர் சிவம்? ஆக்கள் வராததுக்குப் படி என்ன செய்யும்? டீச்சர்ட மனசு சரியில்ல, அதுக்குக் கல்ல ஒடைக்கிறதா?"

வாய்நுனிவரை வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன். அந்த மனுசன் விரும்பியது ஒன்றேயொன்று, டீச்சர் திரும்பி வருவது. அதற்கு வழியை நான் அடைத்து வைத்திருக்கிறேன், அவரோ அந்த அடைப்புக்குக் காவல் நிற்கிறார். இவ்வளவு ஆத்திரத்தை நான் யார்மேலும் கொண்டதில்லை. அது எந்நேரமும் என்னில்தான் வந்து முடிந்தது.

மேடம்தான் பேசினார். "ஹாஜியார், ஒங்கட வாப்பாட நன்ம தெருவுல ஏன் கெடக்கோணும்? தொழுற அறைக் கதவடியில வைப்பம். என்ட படத்துலயும் அதுதான் எடம். அஞ்சு நேரமும் தொழ வாற ஆக்கள் அதுல செருப்பு வைக்கட்டும்."

 ஹாஜியார் சரியென்று தலையை ஆட்டினார்.

அடுத்த நாள் காலை சுனில் பாஸ் உளியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அனே மஹத்தயா," என்றார். இதைப்போய் உடைக்கிறதா என்று. மஞ்சள் புத்தகத்தை எடுத்தேன். காரணம் என்ற இடத்தில் 'என் பிழை' என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். பின்னேரத்துக்குள் ஒழுங்கையும் மண்டபமும் ஒரே தரையாகிவிட்டன. வீட்டுக்குப் போய் அட்டைப்படத்தைச் சுவரிலிருந்து கழற்றினேன்.

சீமெந்து காய இரண்டு மூன்று நாள் விட்டோம். அதற்குள் ஹாஜியார் நாலாவது தரமும் டீச்சரிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். அன்று பின்னேரம் மூன்று மணிக்கு டீச்சர் கொப்பிப் பையோடு ஒழுங்கையைக் கடந்தார். நிற்கவில்லை, கீழே பார்க்கவில்லை. டொக், டொக்கென்று மண்டபத்துக்குள் போய், சுற்றுமுற்றும் பார்த்து, ஹாஜியாரிடம் சொன்ன முதல் வார்த்தை, "ஃபேன் ஒண்ணு வேணும்."

ஹாஜியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஃபேன் எடுக்க ஓடினார். தான் நாலாவது தரம் போய்ச் சொன்னதுதான் வேலை செய்தது என்று இன்றுவரை எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறார். இதை வாசித்தால் என்மேல் கோபம் வரும். வரட்டும்.

பிள்ளைகள் வந்தார்கள். பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்ட தாய்மாரும் அங்கேயே இருந்தார்கள். மீன் பைக்காரியும் ஒருநாள் வந்து ஃபேனுக்குக் கீழே இருந்தாள். இனி எனக்கு எரிச்சல் தந்த விசயத்தைச் சொல்கிறேன். ஒரு மாதம் போகவில்லை, தரையில் பாய் விரித்து இருக்கிறோம் என்று பிள்ளைகள் தாங்களாகவே செருப்பை வெளியே கழற்றத் தொடங்கிவிட்டார்கள். எந்த இடத்தில் என்று நினைக்கிறீர்கள்? என் படி இருந்த அதே இடத்தில், அதே கோட்டில். யாரும் சொல்லவில்லை. ஒரு கல்லை வைத்து, உடைத்து, கூட்டத்தில் பொய் சொல்லி, நான் பட்ட பாடு என்ன! தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. மேடத்திடம் போய் முறைப்பட்டேன். "இப்ப ஆரும் நிக்கிறதில்லயே," என்றார், அவ்வளவுதான்.

மேடம் இப்போது பிள்ளைகளோடு வெளிநாட்டில். டீச்சர் இரண்டு வருடத்துக்கு முன் காலமானார். ஊருக்கே சொல்லச் சொன்னவர், சொல்லிவிட்டேன். வகுப்பை இப்போது நடத்துவது ஹாஜியாரின் இளைய மகள்.

நிரோஷினியின் படத்தைப் பார்த்த பிறகு, போன கிழமை பஸ் எடுத்துக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். வகுப்பு நேரம். வாசலில் செருப்புகள் கிடந்தன. பெரிது, சின்னது, வார் அறுந்தது, ஒன்றின்மேல் ஒன்று. கந்தோர்ப் பிள்ளைகள் கீறிய படத்தில் இந்த இடத்துக்கு 'ஒழுங்கின்மை, தட்டு தேவை' என்று குறிப்பு எழுதியிருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தேன். செருப்புகள் இடது பக்கம் ஒரு குவியல், வலது பக்கம் ஒரு குவியல். நடுவில் ஒன்றும் இல்லை. பிந்தி வந்த ஒரு சின்னப் பெண் ஓட்டமாய் ஓடிவந்து நடுவில் கழற்றினாள். பிறகு ஏதோ நினைவு வந்து திரும்பி, இரண்டையும் எடுத்துப் பக்கத்துக் குவியலில் எறிந்தாள்.

"ஏன் பிள்ளை, நடுவில வைக்கிறதில்லையோ?" என்று கேட்டேன்.

"அது டீச்சர்ட வழி."

"எந்த டீச்சர்? உள்ளுக்கு இருக்கிறவவோ?"

"இல்ல. வேற டீச்சர். எனக்குத் தெரியாது. அப்படித்தான் வைக்கிற," என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடிவிட்டாள்.

பழக்கதோசத்தில் அளவு நாடா எப்போதும் என் பையில் இருக்கும். குந்தியிருந்து அந்த நடுவழியை அளந்தேன். மூன்று அடி இரண்டு அங்குலம். நிரோஷினி, உன் படத்தில் அந்தப் படியை அழித்துவிட்டு இதைக் குறி.